மாமியின் பட்டியல்

எங்கள் ஊர்ப் பொது நூலகத்துக்குக் கணினி வந்து பல வருடங்கள் ஆகின்றன. கடிதம் அடிப்பதற்கும் மாதாந்த அறிக்கை தயாரிப்பதற்கும் மட்டுமே அது பயன்பட்டு வந்தது. மற்ற நேரமெல்லாம் பூப்போட்ட துணி ஒன்றால் மூடி வைத்திருப்பார்கள். கடந்த வருடம் பிரதேச சபை இணைய இணைப்பை எடுத்துக் கொடுத்தது. கூடவே, நூற்பட்டியல் முழுவதையும் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று ஒரு கடிதமும் வந்தது. மாமி அந்தக் கடிதத்தை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு மூன்று நாள் யாரோடும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான்காம் நாள் அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"புள்ள, உனக்கு லீவுதானே. பின்னேரத்தில வந்து எனக்குக் கொஞ்சம் சொல்லித் தாறியா?"

மாமி வாப்பாவின் மூத்த சகோதரி. 1991இல் நூலக உதவியாளராகச் சேர்ந்து, இலங்கை நூலகச் சங்கத்தின் பாடநெறியைப் படித்து, படிப்படியாக நூலகரானவர். இந்த வருடக் கடைசியில் அவருக்கு 60 வயது பூர்த்தியாகிறது. ஓய்வு பெற இருக்கும் ஒருவரிடம் ஏன் இந்தப் பாரத்தைக் கொடுக்கிறார்கள் என்று உம்மா கோபப்பட்டார். மாமிக்குக் கோபம் வரவில்லை. பயம் மட்டும் இருந்தது. ஆனால் அது நாங்கள் நினைத்த பயமல்ல என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

முதலில் இரண்டு நாள் செயலமர்வு ஒன்று நடந்தது. மாமியின் மகன் வயதுள்ள ஒரு தம்பி வந்து படிப்பித்தாராம். மாமி 80 பக்க அப்பியாசக் கொப்பி ஒன்றில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தார். அந்த மென்பொருளின் பெயர் கோஹா. நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்ற பிரதேசத்தில், பெரிய வசதிகள் இல்லாத ஒரு நூலக அமைப்புக்காக 1999இல் உருவாக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது அவர்களுடைய பழைய கணினி முறை வேலை செய்யாமல் போய்விடும் என்ற நிலை இருந்திருக்கிறது. புதிதாக ஒன்றைச் செய்வித்து, அதை உலகத்தில் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். கோஹா என்பது அந்நாட்டுப் பூர்வீக மக்களான மாவோரிகளின் சொல். அன்பளிப்பு என்று பொருள். மாமி இதைக் கேட்டதும், "அப்ப இது ஹதியா" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த மென்பொருளுக்கு ஹதியா என்றுதான் பெயர்.

அடுத்து இலக்கங்கள். கணினிப் பட்டியலில் ஒரு நூலின் ஒவ்வொரு விபரத்துக்கும் மூன்று இலக்கங்கள் கொண்ட ஓர் எண் இருக்கிறது. ஆசிரியர் பெயர் 100, தலைப்பு 245, பதிப்பு 250, பக்கங்களும் அளவும் 300, பொருள் 650. உலகம் முழுவதும் நூலகங்கள் இந்த எண்களைப் பயன்படுத்துவதால், ஒரு நூலகத்தின் பதிவை மற்றொரு நூலகத்தின் கணினி வாசித்துக்கொள்ளும். நான் இவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டலாம் என்றேன். மாமி தேவையில்லை என்றார். பழைய மர இழுப்பறையிலிருந்து ஒரு பட்டியல் அட்டையை எடுத்து வந்து, கணினித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். மேலே ஆசிரியர், அடுத்த வரியில் தலைப்பு, அதற்குக் கீழே பதிப்பு, வெளியீடு, பக்கம், சென்றிமீற்றர். திரையிலும் அதே ஒழுங்கு.

"இது நம்மட அட்டைதானே புள்ள! அட்டைக்கு நம்பர் அடிச்சி வச்சிருக்கானுகள்."

அன்றைக்கு அவர் ஆறு நூல்களைப் பதிந்தார். அடுத்த நாள் பதினொன்று.

ஆங்கில நூல்கள் சுலபம். பின்னட்டையில் இருக்கும் சர்வதேசத் தர நூல் எண்ணை அடித்தால், வெளிநாட்டுப் பெரிய நூலகம் ஒன்றிலிருந்து விபரங்கள் தாமாக வந்து நிரம்பிவிடும். மாமி அதைப் பார்த்துச் சிறுபிள்ளை போலக் கைதட்டினார். ஆனால் எங்கள் நூலகத்தில் ஆங்கில நூல்கள் ஓர் அலுமாரிதான். மற்றவையெல்லாம் தமிழ். அவற்றிலும் பல எங்கள் பகுதி எழுத்தாளர்கள் சொந்தக் காசில் அச்சடித்தவை. இலங்கை நூல்களின் எண் 955 அல்லது 624 என்ற இலக்கத்தைக் கொண்டிருக்கும். அந்த எண்ணே பெறாமல் வெளிவந்த சிறு நூல்கள் ஏராளம். அவற்றுக்கு எந்த நாட்டு நூலகத்திலிருந்தும் பதிவு பறந்து வராது. நாமேதான் செய்ய வேண்டும். நாம் செய்யாவிட்டால் அந்த நூல் இணையத்தைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை.

இந்த இடத்தில்தான் முஸ்லிம் பெயர்கள் எங்களைப் போட்டு ஆட்டின. அறிஞர் சித்திலெப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கியவர், 1885இல் அசன்பே சரித்திரத்தை வெளியிட்டவர் என்று நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். எங்கள் நூலகத்தில் அவரைப் பற்றிய நூல்களின் அட்டைகளில் அவர் சித்திலெப்பை, சித்தி லெப்பை, சித்திலெவ்வை, ஸித்திலெப்பை என்று நான்கு பேராக இருக்கிறார். அவருடைய கதாநாயகனும் அசனாகவும் அஸனாகவும் ஹஸனாகவும் மாறி மாறி வருகிறான். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்காக வாழ்நாளைக் கொடுத்த பேராசிரியர் உவைஸ், இலங்கைப் பதிப்புகளில் எம்.எம். உவைஸ், தமிழ்நாட்டுப் பதிப்பில் ம. முகம்மது உவைஸ். கணினிக்கு இவர்கள் எல்லோரும் வேறு வேறு ஆட்கள். அஸீஸ் என்று தேடினால் அசீஸ் வரமாட்டார். முஹம்மத், முகம்மது, முஹம்மது, மொஹமட் ஆகியோரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் வகுப்பு இடாப்பிலேயே பாத்திமா மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கிறாள்.

முஸ்லிம் பெயர்களுக்கு மட்டும் வந்த சோதனையும் அல்ல இது. ஔவையார் நூல் ஒன்றைத் தேடினோம். அலுமாரியில் இருக்கிறது, கணினியில் இல்லை. பார்த்தால், முன்பு யாரோ 'ஔ' என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக 'ஒ' வையும் 'ள' வையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்திருக்கிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கு அது 'ஒளவையார்'.

நான் செயலமர்வுத் தம்பிக்கு வட்ஸ்அப்பில் கேள்வி அனுப்பச் சொன்னேன். மாமி அனுப்பவில்லை. மறுபடியும் மர இழுப்பறைக்குப் போனார். "சித்திலெவ்வை, பார்க்க: சித்திலெப்பை" என்று எழுதிய ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். 1990களில் அவருடைய கையெழுத்து. அட்டைப் பட்டியல் காலத்தில் ஒரு பெயரை நிலையானதாக வைத்து, மற்ற எழுத்துக்கூட்டல்களுக்கெல்லாம் 'பார்க்க' அட்டை போடுவார்களாம். "இதுக்கும் ஹதியாவில ஒரு இடம் இருக்கத்தான் வேணும்" என்று கொப்பியைப் புரட்டினார். இருந்தது. பெயர்களுக்கென்று தனிக் கோப்பு. அதில் 400 என்ற எண்ணுக்கு எதிரே வேறு எழுத்துக்கூட்டல்களை எல்லாம் கொடுக்கலாம். செயலமர்வில் அந்தப் பகுதியை, சிறிய நூலகங்களுக்கு இது தேவைப்படாது என்று அந்தத் தம்பி விரைவாகக் கடந்து போயிருக்கிறார். எனக்கென்னவோ தமிழ் நூல்கள் உள்ள நூலகத்துக்கு அதைவிடத் தேவையான பகுதி வேறொன்று இல்லை என்றுதான் படுகிறது. உமறுப்புலவரைத் தேடும் ஒரு பிள்ளை உமர்ப்புலவர் என்று அடித்ததற்காகச் சீறாப்புராணம் கிடைக்காமல் திரும்பிப் போகலாமா?

மாமிக்கு வேறொரு வருத்தம், அது பழைய வருத்தம். நூல்களைப் பத்து வகுப்பாகப் பிரிக்கும் டூயி தசமப் பகுப்பு 1876இல் அமெரிக்காவில் வெளிவந்தது. சமயத்துக்கு 200. அதில் 220 தொடக்கம் 280கள் வரை பைபிளுக்கும் கிறிஸ்தவத்துக்கும் போக, மற்ற எல்லாச் சமயங்களும் 290களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. இஸ்லாத்துக்கு 297 என்ற ஒரே ஓர் எண். எங்கள் நூலகத்தில் அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் மூன்று அலுமாரிகள். புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் போட்டாலும் முதுகு ஒட்டியில் இடம் போதாது. கணினி வந்தும் இது மாறவில்லை.

நான் இவ்வளவு நேரமும் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு.

எங்கள் நூலகம் இப்போது இருக்கும் கட்டடம் புதியது. பழைய கட்டடம் கடற்கரை வீதியில் இருந்தது. 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று போயா தினமும்கூட. நூலகம் பூட்டியிருந்தது. அம்பாறைக் கரையோரத்தில் அன்று நடந்ததை இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் அதற்கு மூன்று வருடங்களுக்குப் பிறகு பிறந்தவள்.

நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு நூலும் சேர்வுப் பதிவேட்டில் இலக்கமிட்டு எழுதப்படும். எங்கள் நூலகத்தில் அப்போது அப்படி இரண்டு பெரிய பதிவேடுகள் இருந்தன. முதலாவதில் 1 முதல் 4,000 வரை. இரண்டாவது 4,001இல் தொடங்குகிறது. வருட இறுதிக் கணக்கெடுப்புக்காக மாமி இரண்டாவதை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார். முதலாவது நூலகத்து அலுமாரியில் இருந்தது. நூல்களோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது. இரவல் பகுதி, உசாத்துணைப் பகுதி, சிறுவர் பகுதி எல்லாம் போய்விட்டன. மர இழுப்பறைகளில் இரண்டு மட்டும் ஒரு மதில் ஓரத்தில் கிடைத்தனவாம்.

தப்பியவை அநேகமாக அன்று வாசகர்களின் வீடுகளில் இருந்த நூல்கள். சில மாதங்களுக்குப் பிறகு அவை ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. ஒரு வாப்பா ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து கருமபீடத்தில் வைத்துவிட்டு நின்றாராம். திகதித் தாளில் 03.01.2005 என்று முத்திரை. எடுத்துப் போன பிள்ளை இல்லை. மாமி அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். வேறு எதுவும் பேசவில்லையாம். அந்தப் புத்தகம் இன்றும் நூலகத்தில் இருக்கிறது. நாங்கள் பதிவு செய்யும்போது அதை என்னிடம் தரவில்லை; தானே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார்.

ஆகவே மாமியின் பயம் கணினிப் பயம் அல்ல. இணையத்தில் ஏற்றுவது என்றதும் அவர் அந்தத் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வியே, "நான் அடிக்கிறது எங்க போய்க் கிடக்கும்?" என்பதுதான். மேகக் கணினியில் என்று அவர் பதில் சொல்லியிருக்கிறார். "அந்த மேகம் எங்க தம்பி இருக்கு? கடலோரத்திலயா?"

எல்லோரும் சிரித்தார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அது நெருப்பு. 2023 ஒக்டோபரில் லண்டனில் உள்ள பிரித்தானிய நூலகத்தின் கணினிகளை இணையத் திருடர்கள் முடக்கினார்கள். நூல்கள் அப்படியே அடுக்கில் இருந்தன, ஆனால் எது எங்கே என்று சொல்லும் இணையப் பட்டியல் 2024 ஜனவரி வரை இல்லை. அவ்வளவு பெரிய நூலகத்துக்கே அந்த நிலை. இதை நான் மாமியிடம் வாசித்துக் காட்டினேன். அன்றிலிருந்து அவர் வாரத்துக்கு ஒருமுறை முழுப் பட்டியலையும் ஒரு பென்டிரைவில் இறக்கி, பால்மா டின்னுக்குள் போட்டு, எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் தட்டில் வைக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை கடதாசியிலும் அச்சிடுகிறார். கடதாசி விற்கிற விலையில் இது தேவையா என்று சபையில் ஒருவர் கேட்டாராம்.

பெரிய வாக்குவாதம் ஒன்றும் நடந்தது. இரண்டாம் பதிவேட்டில் விபரம் இருக்கிறது, ஆனால் நூல் இல்லை. அப்படி இரண்டாயிரத்துக்கு மேல். செயலமர்வில் சொன்னது, அலுமாரியில் உள்ளதை மட்டும் பதியுங்கள் என்று. மாமி தொலைந்தவற்றையும் பதிய வேண்டும் என்றார். கணக்கு ரீதியாக அவை எப்போதோ பதிவழிக்கப்பட்டவை. மறுபடி பட்டியலில் ஏற்றினால் கணக்காய்வில் யார் பதில் சொல்வது என்று சபையில் கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. மாமி ஒரு வாரம் கொப்பியோடு உட்கார்ந்தார். மென்பொருளில் ஒவ்வொரு பிரதிக்கும் 'தொலைந்தது' என்று குறிக்க ஓர் இடம் இருப்பதையும், அப்படிக் குறித்தவற்றை வாசகருக்கு மறைக்கவோ காட்டவோ முடியும் என்பதையும் கண்டுபிடித்தார். காட்டுவது என்று முடிவு. தனிக் குறியீட்டோடு, இருப்பு எண்ணிக்கையில் சேராதபடி பதியலாம் என்று செயலாளர் எழுத்தில் அனுமதி தந்தார். அந்தக் கடிதமும் இப்போது மேசைக் கண்ணாடிக்குக் கீழேதான் இருக்கிறது.

தொலைந்த நூல் ஒன்றைப் பதியும்போது, நூலகம் எண்ணிம நூலகத்தில் அது இருக்கிறதா என்று நான் தேடுவேன். 2005இல் தொடங்கப்பட்ட அந்தத் தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் ஏராளமாக இலவசமாக உள்ளன. கிடைத்தால் 856 என்ற எண்ணில் அதன் இணைப்பைப் போடுவோம். அப்படி ஒன்று கிடைக்கிற நாளில் மாமி எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தருவார். பெருந்தொகையான நாட்களில் கிடைப்பதில்லை.

மீதி, முதலாம் பதிவேட்டின் 4,000. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆதாரம் இல்லாததைப் பட்டியலில் சேர்க்க மாமியே சம்மதிக்க மாட்டார். அதற்காகக் கூகுளில் தனித் தாள் ஒன்றைத் திறந்தோம். இரவில் மாமி கண்ணை மூடிக்கொண்டு பழைய கட்டடத்துக்குள் நடப்பார். "கதவால நுழைஞ்சா வலது பக்கம். மேல் தட்டு. முதல்ல அகராதி..." நான் அடிப்பேன். இப்படி 212 தலைப்புகள் வந்தன. பிறகு மாமி வட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினார். அவரே தொடங்கினார், நான் உதவவில்லை. பழைய வாசகர்கள் சேர்ந்தார்கள். கட்டாரிலிருந்து ஒருவர், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், முன்பு பாடசாலை முடிந்து வந்து தரையில் உட்கார்ந்து வாசித்த ஒரு தாய். அவர்கள் தாளைத் திறந்து தாமாகவே எழுதுகிறார்கள். சில வேளை சண்டையும் வரும். ஒரு நாவலின் அட்டை நீலமா சிவப்பா என்பதில் இருவர் இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள். இப்போது 640க்கு மேல் வந்துவிட்டது.

போன மாதம் கண்டியிலிருந்து ஒருவர் நூலகத்துக்கு அழைத்தார். எங்கள் பட்டியலில் 'தொலைந்தது' என்று இருந்த ஒரு நாட்டார் பாடல் தொகுப்பு, தன்னுடைய மாமனாரின் பெட்டியில் இருக்கிறது என்றார். ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து அனுப்பினார். இரண்டு பக்கம் இல்லை, கறையான். மாமி அதைத் தன் தொலைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசித்துக்கொண்டே இருந்தார். அவர் தேடுகிற நூல் அதுவல்ல. ஆனாலும் இரவுச் சாப்பாடு ஆறும் வரைக்கும் வாசித்தார்.

ஓய்வு பெறும்போது ஒப்படைக்க வேண்டியவற்றை மாமி இப்போதே எழுதத் தொடங்கிவிட்டார். கடவுச்சொற்கள் மூன்று, 'பார்க்க' பெயர்கள் அடங்கிய கோப்பு, பால்மா டின். வரப்போகும் நூலகர் யாரென்று இன்னும் தெரியாது.

தாளில் தலைப்பே இல்லாத வரிகள் சில இருக்கின்றன. அவற்றில் மூன்றை இங்கே தருகிறேன். உங்கள் வீட்டு அலுமாரியில், மூத்தம்மாவின் பெட்டியில், பரணில் ஒருமுறை பாருங்கள். ஒன்று: பச்சை அட்டை, முன்பக்கத்தில் பாய்மரக் கப்பல், உள்ளே தாலாட்டுகள், 50 பக்கத்துக்கு மேல் இராது. இரண்டு: ஹஜ் பயண அனுபவம், கப்பலில் போன காலத்தது, எழுதியவர் ஒரு ஆசிரியர், கடைசிப் பக்கத்தில் செலவுக் கணக்கு இருக்கும். மூன்று: எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் எழுதிய கவிதைகள், பெயருக்குப் பதிலாக இன்னாரின் மகள் என்று மட்டும் போட்டிருக்கும். இந்த மூன்றாவதைத்தான் மாமி தேடுகிறார். கிடைத்தால் புத்தகத்தைத் தர வேண்டியதில்லை, பார்த்துவிட்டுத் திருப்பித் தருவோம். வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாட்களில், பின்னேரம் ஐந்து மணி வரை மாமி கருமபீடத்தில் இருப்பார்.